கேபிளை இறுக்கினால் மட்டும் போதாது

2022 ஜூன் 27 நள்ளிரவோடு அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் பெற்றோல் என்று அறிவித்தபோது, கொழும்பு முழுக்க சைக்கிள் தேடத் தொடங்கியது. அதுவரை காலி வீதியில் சைக்கிள் என்றால் பேப்பர் போடுபவர், லொத்தர் சீட்டு விற்பவர், அதிகாலையில் ஹெல்மட்டோடு போகும் ஒரு சிலர். அந்த ஜூலையில் டை கட்டிய ஆட்கள் வங்கிக்கு சைக்கிளில் போனதைப் பார்த்தோம். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தைக் கடந்து வந்த எங்கள் அப்பாமாருக்கு இது புதினமாகவே இருக்கவில்லை. "நாங்கள் தொண்ணூறுகளில் ஓடின ஓட்டம்தானே" என்று சொல்லிவிட்டு டயருக்குக் காற்றடித்தார்கள்.

பிறகு க்யூஆர் வந்தது, பெற்றோல் வந்தது. நிறைய சைக்கிள்கள் ஃபிளாட் பல்கனிகளில் உடுப்புக் காயப்போடும் கொடிக்குத் துணையாகிவிட்டன. எங்களுடையவை ரோட்டிலேயே நின்றுவிட்டன. எங்களில் இரண்டு பேர் வெள்ளவத்தை, இரண்டு பேர் கொட்டாஞ்சேனை. இடையில் சுமார் 10 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் நெரிபடுவதைவிட சைக்கிள் பரவாயில்லை.

இந்தக் கட்டுரை அந்த சைக்கிள்களின் பிரேக் பற்றியது. இப்போது விற்கும் மலிவான சைக்கிள்களில்கூட முன்னும் பின்னும் டிஸ்க் பளபளவென்று இருக்கிறது. ஆனால் லீவரைப் பிடித்துப் பார்த்தால் அது ஹேண்டில்வரை வந்து முட்டுகிறது. இல்லாவிட்டால் ஓடும்போது முழு வழியும் "ஷிங், ஷிங்" என்று உரசுகிறது. கேட்டால், "டிஸ்க் எண்டா இப்பிடித்தான் மச்சான், சத்தம் வரும்" என்கிறார்கள். அப்படி இல்லை. டிஸ்க் பிரேக் சத்தமில்லாமல் சுற்றும், ரெண்டு விரலால் பிடித்தால் நிற்கும். அப்படி நடக்கவில்லை என்றால் அதை யாரும் சரியாக செட் பண்ணவில்லை என்றுதான் அர்த்தம்.

இதை நாங்கள் கற்றுக்கொண்டது எங்களில் ஒருவனின் வேலைக்காக. அவன் பின்னேரங்களில் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். வண்டி, செகண்ட் ஹேண்டில் எடுத்த மவுண்டன் பைக். அதில் ரிம்மைப் பிடிக்கும் வி பிரேக் இருந்தது. ரிம்மின் பக்கச்சுவர் தேய்ந்து தேய்ந்து விரலால் தடவினால் குழி தெரிந்தது. கொழும்பில் ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழை எப்படி என்று சொல்லத் தேவையில்லை. மழை பெய்தால்தான் ஓடர் கூடும். மழை பெய்தால்தான் அந்த பிரேக் பிடிக்காது. 100, 101 பஸ்கள் ஹோல்ட் வந்தவுடன் சிக்னல் போடாமல் இடது பக்கம் வெட்டி நிற்கும். அதனால் அவன் எப்போதும் ஒரு பஸ் நீளம் பின்னாலேயே ஓடினான். மெதுவாக ஓடினால் ஓடர் குறையும், வேகமாக ஓடினால் நிற்க முடியாது. அவனுடைய ஒரு நாள் சம்பளம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தது.

ரிம் ரோட்டுத் தண்ணியில் நனைந்துகொண்டே சுற்றும் பகுதி. பிரேக் ரப்பர் முதலில் அந்தத் தண்ணியைத் துடைக்க வேண்டும், பிறகுதான் பிடிக்கும். பழைய கம்பி பிரேக் சைக்கிள்களில் ரிம் இரும்பு, மேலே குரோம் பூச்சு. நனைந்தால் அது இன்னும் மோசம். டிஸ்க் சில்லின் நடுவில், ரோட்டைவிட்டு உயரத்தில் இருக்கிறது. சிறிய தட்டு, துளைகள் உள்ள தட்டு, அதை பேட் பலமாக நெருக்குகிறது. நனைந்தாலும் முதல் ஒரு சுற்றில் தண்ணி போய்விடும். 1953இல் பிரான்ஸின் லெ மான் 24 மணிநேரக் கார் ஓட்டப்பந்தயத்தை ஜாகுவார் வென்றபோது அதன் சில்லுகளில் இருந்தது டிஸ்க் பிரேக்தான். சைக்கிள் உலகம் கொஞ்சம் பிந்தியது. ரோட்டுப் பந்தய சைக்கிள்களுக்கு சர்வதேச சைக்கிள் சங்கம் முழு அனுமதி கொடுத்தது 2018 ஜூலையில்தான்.

எல்லா சைக்கிளுக்கும் டிஸ்க் பூட்ட முடியாது. கடைக்குப் போக முதல் இடது பக்கம் குனிந்து பாருங்கள். பின் அச்சுக்குப் பக்கத்தில் ஃபிரேமிலும், முன்பக்கம் ஃபோர்க்கின் காலிலும் கலிப்பர் பூட்ட இரண்டு ஓட்டைகள் இருக்க வேண்டும். அவற்றுக்கிடையே 51 மில்லிமீட்டர் இருந்தால் ஒரு வகை, 74 இருந்தால் இன்னொரு வகை. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற அடப்டர் உண்டு. ஓட்டையே இல்லாவிட்டால் அதோடு விடுங்கள். வெல்டிங் அடித்துத் தருகிறோம் என்று யார் சொன்னாலும் வேண்டாம். அந்த ஃபோர்க் அந்த விசையைத் தாங்கச் செய்யப்பட்டதில்லை. சில்லின் நடுக்குடத்திலும் டிஸ்க் பூட்டும் இடம் தேவை. நண்பனின் ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் ஓட்டைகள் இருந்தன, குடத்தில் இல்லை. ஆகவே புறக்கோட்டை டாம் வீதிக்குப் போனோம். கொழும்பில் சைக்கிள் சாமான் என்றால் முதலில் அங்கேதான் போவார்கள். பழைய சில்லுச் சோடி ஒன்று, 160 மில்லிமீட்டர் டிஸ்க் இரண்டு, கேபிளில் இழுக்கும் மெக்கானிக்கல் கலிப்பர் இரண்டு வாங்கினோம். லீவர் வாங்கவில்லை. வி பிரேக் லீவரும் மவுண்டன் பைக் மெக்கானிக்கல் டிஸ்க்கும் ஒரே அளவு கேபிளைத்தான் இழுக்கும். அந்தக் காசு மிச்சம்.

பூட்டியது கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்தில் ஒரு பாஸின் திண்ணையில். கம்பி பிரேக் காலத்திலிருந்து சைக்கிள் செய்பவர். "நான் பூட்டித் தாறேன், போய் டீ குடிச்சிட்டு வாங்க மகன்" என்றார். நாங்கள் பழகவேண்டும் என்றோம். எங்களில் ஒருத்தி சாவியைக் கையில் எடுத்ததும், "மகள், கையெல்லாம் கிரீஸ் ஆகிடும்" என்றார். அவள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பிறகு அவரே அவளுக்குப் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் டிஸ்க். ஆறு ஸ்க்ரூ, நட்சத்திரத் தலை, டி25 சாவி. ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். டிஸ்க்கில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், பார்த்துப் போடுங்கள். கிரீஸ் கையால் டிஸ்க்கின் முகத்தைத் தொடவே கூடாது. துளி எண்ணெய் பட்டாலும் பேட் குடித்துவிடும், பிறகு பிரேக் கத்தும், பிடிக்காது. கொரோனாக் காலத்து ஐசோபுரொப்பைல் அல்கஹோல் போத்தல் வீட்டில் மிச்சமிருந்தால் அதால் துடைக்கலாம்.

அடுத்தது கேபிள். எங்கள் பையில் கியர் கேபிளின் வெளிக்குழாய் கொஞ்சம் இருந்தது, அதைப் போடலாமா என்று கேட்டோம். பாஸ் ஒரு துண்டை வெட்டி உள்ளே காட்டினார். கியர் குழாயில் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன. பிரேக் குழாயில் ஸ்பிரிங் மாதிரி சுற்றியிருக்கின்றன. "அவசரத்துல நீங்க முழுப் பலத்தோட பிடிப்பீங்க. அந்த நேரம் இது வெடிச்சுப் பிரியும். மத்த நேரம் நல்லாத்தான் இருக்கும்" என்றார். உள்கம்பியும் வேறு. பிரேக்குக்கு 1.5 மில்லிமீட்டர் அளவில் தடிப்பானது, கியருக்கு அதைவிட மெல்லியது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு விசயம். உப்புக்காற்று உள்கம்பியைச் சீக்கிரம் தின்றுவிடும். லீவர் பிடித்துவிட்டு விடும்போது மெதுவாகத் திரும்பினால், கேபிளை மாற்றும் காலம் வந்துவிட்டது.

இப்போது முக்கியமான இடம். பெரும்பாலான மெக்கானிக்கல் கலிப்பர்களில் இரண்டு பேட் இருந்தாலும் ஒன்றுதான் அசையும். கேபிள் கையை இழுக்கிறது, கை திரும்பி வெளிப்பக்க பேடைத் தள்ளுகிறது, அந்த பேட் டிஸ்க்கைக் கொஞ்சம் வளைத்துக் கொண்டுபோய் உள்பக்க பேடில் சாய்க்கிறது. உள்பக்க பேட் தன் இடத்திலேயே நிற்கும். கேபிளுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதை நகர்த்த, கம்பிகள் இருக்கும் பக்கத்தில் தனி ஸ்க்ரூ ஒன்று உண்டு.

பிரேக் பலவீனமானால் கேபிளை இறுக்குவதுதான் வழக்கம். இறுக்கினால் வெளிப்பக்க பேட் மட்டும் கிட்ட வரும், உள்பக்கத்து இடைவெளி அப்படியே இருக்கும். பேட் தேயத் தேய டிஸ்க் ஒரு பக்கமாக இன்னும் இன்னும் வளைய வேண்டும். கலிப்பரின் கையும் தன் ஓட்டத்தில் பாதியை ஏற்கனவே முடித்துவிட்டுத்தான் வேலை தொடங்கும். கடைசியில் லீவர் ஹேண்டிலைத் தொடும், பிரேக் பிடிக்காது. "கேபிளத் திருகிக்கிட்டே இருப்பாங்க. உள்ளுக்க இருக்கிறவனை யாரும் பார்க்கிறதில்ல" என்றார் பாஸ்.

முறை இதுதான். சைக்கிளை நிலத்தில் நேரே நிறுத்தி, சில்லின் அச்சை முதலில் இறுக்குங்கள். சில்லு சாய்ந்து உட்கார்ந்திருந்தால் மற்ற எல்லாமே பிழைக்கும். அச்சு தளர்ந்திருந்தால் முன் டிஸ்க் பிரேக்கின் விசை சில்லைக் கீழே இழுத்துக் கழற்றவும் கூடும். பிறகு கலிப்பரின் இரண்டு போல்ட்டையும் அது ஆடும் அளவுக்குத் தளர்த்துங்கள். உள்பக்க பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டை நுழையுங்கள், தடிப்பு ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். கலிப்பரின் கையைத் தள்ளி டிஸ்க்கை நெருக்கிப் பிடித்துக்கொண்டு, போல்ட்டுகளை மாறி மாறி இறுக்குங்கள். கையை விட்டுக் கார்டை இழுத்தால், அந்தக் கார்டின் அளவு இடைவெளி மிஞ்சும். இனி கேபிளைப் பூட்டுங்கள். கலிப்பரின் கை முழுதாகத் திறந்த நிலையில் இருக்கவேண்டும், கேபிளில் தொய்வு இருக்கக்கூடாது, அவ்வளவுதான். பின்னாளில் பேட் தேயும்போது உள் ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருப்பி, வெளிப்பக்கத்தைக் கேபிளால் சரிபண்ணுங்கள். இரண்டு பக்கமும் தேய்கிறது, இரண்டையும் கவனிக்க வேண்டும்.

சில்லைச் சுற்றியபோது ஒரே ஒரு இடத்தில் மட்டும் உரசியது. அது டிஸ்க்கின் வளைவு. பாஸ் அந்த இடத்தைத் துப்புரவான ஸ்பெனரால் கவ்வி, மிக மெல்ல ஒருதரம் நெம்பினார். சத்தம் நின்றது.

புது பேட் உடனே நன்றாகப் பிடிக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஞாயிறு காலை மரைன் டிரைவ் வெறிச்சென்று இருந்த நேரம் பார்த்து, ஓரளவு வேகமெடுத்து, சில்லு பூட்டிக்கொள்ளாமல் நடை வேகத்துக்குக் குறைத்தோம். முன் பிரேக்குக்கு இருபது தடவை, பின்னுக்கு இருபது தடவை. பேடின் மெல்லிய படலம் சூட்டில் டிஸ்க்கில் ஏறவேண்டும். பத்தாவது தடவைக்குப் பிறகு வித்தியாசம் விரலில் தெரிந்தது. பிறகு கொட்டாஞ்சேனையில் விவேகானந்தா மேட்டிலிருந்து இறங்கிப் பார்த்தோம். நின்றது. ஒரு எச்சரிக்கை: முன் பிரேக்தான் பெரும்பங்கு வேலை செய்யும். உடம்பைக் கொஞ்சம் பின்னே தள்ளி, அளவாகப் பிடியுங்கள். வெடுக்கென்று பிடித்தால் பின்சில்லு கிளம்பும்.

அந்த நவம்பர் மழையில் நண்பன் வேகத்தைக் கூட்டவில்லை. "இப்ப பயமில்லாம மெதுவா ஓடுறன்" என்றான். முன்பு பஸ்ஸின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு ஓடியவன், இப்போது வீதியைப் பார்க்கிறானாம். பலகாலம் பூட்டிக்கிடந்த கை தளர்ந்தது மாதிரி என்று சொன்னான். ஓடரும் குறையவில்லை.

உங்களிடம் டிஸ்க் சைக்கிள் இருந்தால் இன்றைக்கே இதைச் செய்யுங்கள். லீவரைப் பிடியுங்கள். பாதி தூரத்துக்குள் இறுகவேண்டும். சில்லைத் தூக்கிச் சுற்றுங்கள். சத்தமில்லாமல் ஓடவேண்டும். இன்னொருவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு டிஸ்க்கை மேலிருந்து பாருங்கள். அது ஒரு பக்கம் நன்றாக வளைந்தால் உள்பக்க பேட் தூரத்தில் இருக்கிறது. பேடின் உராயும் பகுதி 1 மில்லிமீட்டருக்குக் கிட்ட வந்திருந்தால் மாற்றுங்கள். டிஸ்க் 1.5 மில்லிமீட்டருக்கு மெலிந்திருந்தால் அதையும்தான்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு, வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் வாகனம் விடும் இடத்தில் தெரிந்தவர்களின் சைக்கிள்களைப் பார்க்கிறோம். ஒரு செட் எல் சாவி, ஒரு டி25, இரண்டு விசிட்டிங் கார்ட், அல்கஹோல் போத்தல். பாஸை மாதிரியே நாங்களும் பூட்டிக் கொடுப்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறோம். இதுவரை வந்த டிஸ்க் சைக்கிள்களில் அநேகமானவற்றுக்குப் புதுச் சாமான் எதுவுமே தேவைப்படவில்லை. அவற்றின் உள்பக்க ஸ்க்ரூ, வாங்கிய நாளிலிருந்து ஒருதரம்கூடத் திருப்பப்படாமல் இருந்தது.