ஜீரோவை எங்க வைக்கிறது?

டிஸ்கி: இது துப்பாக்கி பத்தின பதிவு. அலர்ஜி உள்ளவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க.

டெக்ஸாஸுக்குப் பொட்டி தட்ட வந்து மூணு வருஷமாச்சு. எங்க டீம்ல ஒரு பெருசு, முன்னாள் ராணுவக்காரர். காட்டுப்பன்றி வேட்டைக்கு வர்றியான்னு கேட்டார். தனியார் நிலத்துல பன்றி சுட, சொந்தக்காரர் சம்மதிச்சா போதும், 2019-லேர்ந்து இங்க லைசென்ஸே தேவையில்ல. ஆனா எச்1பி-காரன் வேட்டை லைசென்ஸ் இல்லாம துப்பாக்கியைக் கையில எடுத்தா ஃபெடரல் குற்றம். எனவே எடுத்தாச்சு.

அவரோட ஏஆர்-15 ஒண்ணைக் கொடுத்தார். ஸ்கோப் கிடையாது, வெறும் இரும்பு சைட்தான். "உனக்குப் பிடிச்ச தூரத்துல ஜீரோ பண்ணிக்கோ"ன்னுட்டார். அங்கதான் வந்தது வினை.

ஜீரோன்னா, சைட் காட்டுற இடத்துலயே தோட்டா படுற தூரம். இந்தத் துப்பாக்கில சைட், குழலுக்குச் சுமார் இரண்டரை அங்குலம் மேல இருக்கு. மாங்காய்க்குக் கல்லெறியுறப்ப கொஞ்சம் தூக்கி எறிவோமில்ல, அந்த மாதிரி குழலும் லேசா மேல பார்த்திருக்கும். அதனால தோட்டா நம்ம பார்வைக் கோட்டை ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை வெட்டும்.

25 கஜத்துல ஜீரோ பண்ணினா மறுபடி வெட்டுறது 300 கஜத்தையும் தாண்டி. அமெரிக்க ராணுவமே 25 மீட்டர்ல சரி பார்த்து 300 மீட்டருக்கு வச்சுக்கும். ஒரே செட்டிங், அதிகபட்ச தூரம்! எஞ்சினியர் மூளை குதிச்சது. "அவ்வளவு தூரமா?"ன்னு கேட்ட பெருசுக்கே கிராஃப் போட்டு விளக்கினேன் (தலையெழுத்து!). அவர் சிரிச்சுக்கிட்டார்.

பன்றி சுமார் 100 கஜத்துல நின்னுச்சு. தோளுக்குப் பின்னாடி குறி வச்சேன். என் ஜீரோப்படி அந்தத் தூரத்துல தோட்டா ஆறு அங்குலம் மேல போகும். கிராஃப்ல அதுவும் இருந்துச்சு. நான் பார்த்தது 300-ஐ மட்டும்தான்.

முதுகுல பட்டு, கத்திக்கிட்டே புதருக்குள்ள ஓடிடுச்சு. புல்லுல ரத்தம். டார்ச் அடிச்சு ரெண்டு மணி நேரம் தேடினோம். கிடைக்கல.

திரும்பி வர்ற வழியில பெருசு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "இந்தப் புதர்க்காட்டுல 300 கஜம் எங்கயாவது கண்ணுக்குத் தெரிஞ்சுதா?" அப்புறம் அவரே சொன்னார். ராணுவத்துல நடு உடம்புக்குக் குறி வச்சா, ஆறு அங்குலம் தள்ளிப்போனாலும் ஆள் மேலதான் படும். பன்றிக்கு உயிர்நிலை சின்னது, கீழ வேற இருக்கு.

அடுத்த வாரம் 50 கஜத்துல மறுபடி உட்கார்ந்தேன். மூணு குண்டு, பார்க்கணும், திருப்பணும், மறுபடி மூணு. குண்டு மேல பட்டா முன்சைட் முள்ளையும் மேலதான் ஏத்தணும், தலைகீழாத் தோணும். இடம் வலத்துக்குப் பின்சைட். இப்படி வச்சா 100 கஜத்துல ஒன்றரை அங்குலம்தான் மேல, 200-ஐத் தாண்டினதும் மறுபடி ஜீரோ. இந்தத் தடவை கிராஃபை நம்பல. 100, 200 ரெண்டுலயும் காகிதத்துல சுட்டுப் பார்த்தேன். டெஸ்ட் பண்ணாம ப்ரொடக்ஷன்ல ஏத்தாதேன்னு ஆபீஸ்ல ஜூனியர்களைத் திட்டுறவன் நான்.

அடுத்த மாசம் மறுபடி கூப்பிட்டிருக்கார். லைசென்ஸ் இருக்கு, ஜீரோவும் சரியா இருக்கு. நான்தான் இன்னும் பதில் சொல்லல.