படத்துக்குக் கீழே ஒரு வரி

வேர்ட்பிரஸ்ஸில் படம் போட்டு, அதன் கீழே ஒரு வரி எழுதுவது எல்லோருக்கும் பழகிப்போன வேலை. ஆனால் 2008 ஜூலையில் 2.6 பதிப்பு வரும்வரை அதற்கென்று தனி வசதி கிடையாது. படத்துக்கு அடுத்து சாய்வெழுத்தில் எதையாவது தட்டி ஒப்பேற்ற வேண்டியதுதான். படத்தை வலப்பக்கம் ஒதுக்கினால் அந்த வரி மட்டும் இடப்பக்கம் அனாதையாக நிற்கும்!

2.6 கொண்டுவந்தது ஒரு ஷார்ட்கோட். 'கேப்ஷன்' என்ற சொல், படத்தின் எண், அகலம், எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்ற விவரம், எல்லாம் சதுர அடைப்புக்குறிக்குள் சேமிக்கப்படும். யாராவது பக்கத்தைத் திறக்கும்போதுதான் அது எச்டிஎம்எல்லாக மாறும். விஷயமே இங்கேதான் இருக்கிறது. மாற்றித் தருவது ஒரே ஒரு ஃபங்ஷன். 'இமேஜ் கேப்ஷன் ஷார்ட்கோட்' என்று அதற்கு ஒரு ஃபில்டரும் உண்டு. தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் அந்த ஃபில்டரை மாட்டி, வேண்டிய எச்டிஎம்எல்லைத் திருப்பிக் கொடுத்தால், வேர்ட்பிரஸ் தன்னுடையதை விட்டுவிட்டு அதையே போடும். நூறு பழைய பதிவுகளில் இருக்கும் படங்களும் மாறிவிடும், ஒரு பதிவைக்கூடத் திறக்காமல்.

எதற்கு மாற்ற வேண்டும்? பலரை எரிச்சலூட்டியது ஒரு 10 பிக்சல். படம் 300 அகலம் என்றால் சுற்றியுள்ள பெட்டிக்கு 310 என்று எழுதிவிடும். அதுவும் ஸ்டைல்ஷீட்டில் இல்லை, எச்டிஎம்எல்லுக்குள்ளேயே! 2013-ல் வந்த 3.7 பதிப்பில் அகலத்துக்கென்றே தனி ஃபில்டர் வந்தது. 2014-ல் 3.9 வந்தபின் 'எச்டிஎம்எல் 5 கேப்ஷன்' வேண்டும் என்று தீம் ஒரு வரியில் சொன்னாலே போதும், அந்தப் பத்து போய்விடும்.

இன்னொரு காரணம் இதைவிடக் கனமானது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் படம் சும்மா வருவதில்லை. எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் சொல்லி, சுட்டியும் தர வேண்டும். 2012-ல் 3.4 வரும்வரை கேப்ஷன் வரி ஷார்ட்கோடின் மேற்கோள் குறிகளுக்குள் சிறைப்பட்டிருந்தது. அதற்குள் சுட்டி வைக்க வழியில்லை. பெயரைப் போட்டாலும் அதைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்துக்குப் போக முடியாது. ஃபில்டர் தெரிந்தவர்கள் இதைத் தாண்டிவிடலாம். படத்தின் எண் ஃபில்டருக்கு வந்துசேர்கிறதல்லவா? அந்தப் படத்தோடு ஒரு கஸ்டம் ஃபீல்டில் எடுத்தவர் பெயரையும் சுட்டியையும் வைத்துவிட்டால், படம் எந்தப் பதிவுக்குப் போனாலும் உரியவர் பெயர் தானாகக் கூடவே போகும். அழகுக்காகச் செய்யும் பத்து மாற்றங்களைவிட இந்த ஒன்று மேல்.

அவசரக்காரர்கள் சிலர் வேர்ட்பிரஸ்ஸின் மூலக் கோப்பிலேயே கை வைப்பார்கள். அடுத்த அப்டேட் வந்ததும் எல்லாம் காலி. தீமுக்கும் இதே கதைதான், அதனால் சைல்டு தீமில் எழுதுவது நல்லது.

2018 டிசம்பரில் வந்த 5.0-இன் பிளாக் எடிட்டர் ஆட்டத்தையே மாற்றிவிட்டது. அதில் கேப்ஷன், எச்டிஎம்எல்லாகவே பதிவுக்குள் சேமிக்கப்படுகிறது. பழைய ஃபில்டர் அதைத் தொடாது. மாற்ற வேண்டுமானால் 'ரெண்டர் பிளாக்' என்ற வேறொரு ஃபில்டரைப் பிடிக்க வேண்டும். பழைய பதிவுகளில் ஷார்ட்கோட் அப்படியே இருப்பதால் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டிய நிலை. ஒரு லாபம் உண்டு: பதிவுகளை வேறு இடத்துக்கு எடுத்துப் போனால், பிளாக்கில் எழுதிய கேப்ஷன் ஒழுங்காகத் தெரியும். ஷார்ட்கோட் போட்டவை அடைப்புக்குறியும் எண்ணுமாகப் பல்லிளிக்கும்.