வரப்பில் வளர்ந்த மருந்து

பொன்னாற்று வாய்க்கால் தண்ணீர் கசிந்து நிற்கும் வரப்புகளில், எங்கள் தா.பழூர்ப் பக்கம் மஞ்சள் கரிசலாங்கண்ணி பாய் விரித்தாற்போல் கிடந்த காலம் உண்டு. மாட்டுக்குப் புல் அறுக்கப் போகும் பெண்கள் திரும்பும்போது மடியில் அந்தக் கரிசாலைக் கீரை ஒரு கை இருக்கும். அதை விதைத்தவர் யாருமில்லை, விலை சொன்னவரும் இல்லை. இன்றைக்கு வரப்பு வெட்டக் கூலியாள் கிடைப்பதில்லை, களைக்கொல்லி அடித்துவிடுகிறார்கள். புல்லோடு கீரையும் கருகுகிறது. தப்பித்தவறி ஒரு கொடி மிஞ்சினாலும், மருந்து தெளித்த வரப்பில் பறித்ததை எந்தத் தாய் பிள்ளைக்குச் சமைத்துக் கொடுப்பாள்?

அம்மா அந்தக் கீரையைப் பாசிப்பருப்போடு கூட்டு வைப்பார். மிளகும் பூண்டும் சேர்த்துத் துவையல் அரைப்பார். சாற்றைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சினால் தலைக்கு எண்ணெய். வெள்ளைத் துணியைச் சாற்றில் தோய்த்து உலர்த்தி, திரியாகத் திரித்து, விளக்கெண்ணெயில் எரித்துப் புகைக்கரியை வழித்தால் குழந்தைக்குக் கண் மை. காலையில் நாலு இலையை மென்று அதனாலேயே பல்லும் நாக்கும் தேய்த்துக் கோழையை வெளியேற்றும் பழக்கம் என் தகப்பனாருக்குக் கடைசிவரை இருந்தது. 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார், அன்றாடம் சேர்த்துக்கொள்ளச் சொன்ன மூலிகைகளில் கரிசலாங்கண்ணிக்கே முதலிடம் கொடுத்தார். கொள்ளிடத்துக்கு வடக்கே சன்மார்க்க அன்பர்கள் வீடுகளில் கரிசலாங்கண்ணிப் பொடி இன்றும் இருக்கிறது.

ஈரலுக்கு நல்லது என்று பெரியவர்கள் சொன்னதை வேதியியலும் தொட்டுப் பார்த்தது. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் டி.ஆர்.கோவிந்தாச்சாரியும் அவருடைய மாணவர்களும் 1956இல் இந்தச் செடியிலுள்ள வெடலோலாக்டோன் என்ற பொருளின் அமைப்பைக் கண்டு வெளியிட்டார்கள். வெள்ளைக் கரிசாலையிலும் அதே பொருள் உண்டு. பிறகு விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் அது ஈரலைக் காப்பதாகத் தெரிந்தது. இதை வைத்துக்கொண்டு காமாலை வந்தவருக்குக் கீரைச் சாறு மட்டும் போதும் என்று வீட்டில் படுக்க வைப்பது பெருந்தவறு. காமாலை கிருமியாலும் வரும், பித்தப்பைக் கல்லாலும் வரும். இரத்தம் சோதித்து, மருத்துவர் பார்த்த பிறகே மற்றதெல்லாம்.

இன்னொரு ஆபத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சாலைத் தடுப்புகளிலும் பூங்காக்களிலும் அழகுக்காக ஒரு மஞ்சள் பூச்செடி படரவிடுகிறார்கள். அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த அந்தச் செடி கரிசாலைக்குப் பங்காளி இனம். பூவும் அப்படியே இருக்கும். அதைப் பறித்துக் கரிசாலை என்று விற்பவர்களும் உண்டு. இலையைப் பாருங்கள். அதன் இலை தடித்துப் பளபளப்பாக, மூன்று பிரிவாகப் பிளந்திருக்கும். நம் கரிசாலையின் இலை நீண்டு குறுகியது, பிளவு இல்லாதது, தடவினால் சொரசொரக்கும். பூவைப் பார்த்துப் பறிப்பவர் ஏமாறுவார்.

தன்னால் வளர்ந்தது அருகிப்போகும் கதை இங்கிலாந்திலும் நடந்ததுதான். அங்கே புல்வெளிகளில் கவ்ஸ்லிப் என்ற மஞ்சள் பூ கொட்டிக் கிடந்தது. பூவில் மது காய்ச்சினார்கள், வேரை இருமலுக்குக் கொடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் அந்தப் புல்வெளிகளை உழுது உரம் போட்டதும் பூ அருகிப்போனது. பிறகு சாலையோரச் சரிவுகளில் விதை தூவி அதை மீட்டெடுத்து வருகிறார்கள். தன்னால் வளர்ந்ததை இனி நாம் வளர்க்க வேண்டும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

இழப்பு என்றால் என்ன என்பது நமக்கும் தெரியாததல்ல. பக்கத்துக் கோடாலிகருப்பூரில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகச் சரிகையோடு நெய்து, மெழுகு தடவி, செடிகொடிச் சாயம் ஏற்றிய புடவைகள் உருவாயின. 1855இல் மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்து அரசும் போனது. வாங்க ஆளில்லாமல் தொழில் தேய்ந்தது. கைப்பக்குவம் தெரிந்தவர்களோடு அதுவும் போயிற்று. அன்று நெய்த புடவைகளை இன்று பெரும்பாலும் அருங்காட்சியகத்தில்தான் பார்க்க முடியும்.

கரிசாலைக்கு அந்த நிலை வர வேண்டியதில்லை, ஏனென்றால் இதைவிட எளிதாக வளரும் கீரை குறைவு. நாலு கணு உள்ள தண்டை நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் பாயாத, ஈரம் காயாத, அரை நிழல் விழும் இடம் போதும். தரையைத் தொடும் கணுவெல்லாம் வேர்விடும். “வேரை ஆட்டாம நுனியைக் கிள்ளுடா தம்பி, மறுபடி வெடிக்கும்” என்பார் அம்மா. அப்படிக் கிள்ளக் கிள்ளத்தான் கிளை அடர்கிறது. மாடியில் அகலத் தொட்டியிலும் வரும்.

ஐப்பசி மழைக்குள் ஒரு தண்டு நட்டுவிடுங்கள். வேர் பிடித்ததும் பக்கத்து வீட்டுக்கு ஒன்று கொடுங்கள். கொடுக்கும்போது அந்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு இலையைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.