பூசலார் கட்டிய கோயில்

திருநின்றவூர்வாசிகளான நமக்குப் பூசலார் நாயனாரிடம் தனிப் பற்று உண்டு. அவர் மனத்திலேயே கோயில் கட்டினார். அங்கே கல் சரிந்து ஒருவரும் நசுங்கவில்லை. நம் காலத்துக் கட்டடங்களோ அப்படியல்ல. 2014 ஜூன் 28-ந் தேதி மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டதை மறக்க முடியுமா?

பாரத்தைத் தூக்கிவிட்டால் ஆள் பிழைத்தான் என்றே அன்று நாம் எண்ணினோம். அது பாதி உண்மைதான். குண்டுவீச்சில் இடிந்த லண்டன் வீடுகளிலிருந்து மீட்கப்பட்ட சிலர், சில நாட்களில் சிறுநீரகம் கெட்டு இறந்ததை 1941-ல் பைவாட்டர்ஸ், பீல் என்னும் வைத்தியர்கள் விவரித்தார்கள். நெடுநேரம் நசுங்கிய தசையிலிருந்து, பாரம் நீங்கியதும் நஞ்சு ரத்தத்தில் பாய்கிறது. பொட்டாசியம் இருதயத்தை நிறுத்தும். தசையின் செம்பொருள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே, அத்தகையோருக்குப் பாரத்தை எடுக்குமுன்பே வைத்தியர் உப்புநீர் ஏற்றத் தொடங்குவது உத்தமம்.

கயிற்றில் அசைவின்றித் தொங்குவதும் ஆபத்தே. ரத்தம் கால்களில் தேங்கி நினைவு தப்பும், உயிரும் போகலாம். கால்களை அசைக்கச் சொல்லி, விரைவில் இறக்கிப் படுக்க வைக்க வேண்டும்.

நம் தெருவில் புது மாடிக்கு வர்ணம் பூசும் தம்பியிடம், "நடுவில் சிக்கிக்கொண்டால் யாரப்பா இறக்குவார்?" என்று கேட்டோம். சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள், வீடு கட்டிக்கொள்ளும் நாமல்லவா?