தில்லியில் ஒரு தபால்தலை மாளிகை

தில்லிக்குப் போனால் செங்கோட்டை, குதுப்மினார் பார்த்து, கரோல்பாகில் நாலு ஸ்வெட்டர் வாங்கி, ஆக்ராவுக்கும் ஒரு நடை போய்விட்டு ஊர் திரும்புவதுதான் நம் வழக்கம். அடுத்த முறை போகும் சகோதரிகள் அரை நாள் ஒதுக்கி இன்னோர் இடத்தையும் பார்த்து வாருங்கள். சன்சத் மார்க் என்கிற பாராளுமன்ற வீதியில் டாக் பவன் என்ற தபால் துறைக் கட்டடம் இருக்கிறது. 1968-ல் தொடங்கிய தேசியத் தபால்தலை அருங்காட்சியகம் அதில்தான் இருக்கிறது. மெட்ரோ ரயிலில் படேல் சௌக் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

நான் வெறும் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வழக்கு தீர வேண்டியிருந்தது. அப்பா காலமானபோது மூன்று ஸ்டாம்ப் ஆல்பங்களும், ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய உறைகளும் விட்டுச் சென்றார். "இதெல்லாம் லட்சக்கணக்கில் போகுமே!" என்று யாரோ ஒரு கல்யாண வீட்டில் கொளுத்திப் போட்டார்கள். அவ்வளவுதான்! விற்று மகளின் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டும் என்றார் சின்ன அண்ணன். தன்னைக் கேட்காமல் ஆல்பத்தை யாரும் தொடக்கூடாது என்றார் பெரிய அண்ணன். எட்டு மாதமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. உறைகள் வெறும் குப்பை, ஸ்டாம்பை மட்டும் வெட்டிக்கொண்டு மற்றதை எரித்துவிடலாம் என்றும் ஒரு யோசனை.

தில்லியில் இருக்கும் என் தங்கைதான், "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வா அக்கா. எங்க பக்கத்து வீட்டு மாமா தபால் இலாகாவில் இருந்து ரிடையர் ஆனவர். ஐம்பது வருஷமா ஸ்டாம்ப் சேர்க்கிறார்" என்றாள். அண்ணன்கள் இருவரும் சம்மதித்தது என் பாக்கியம்!

மாமா ஆல்பத்தைத் திறக்கவே இல்லை. "முதல்ல நல்லதைப் பாரும்மா. அப்புறம் உன் வீட்டுதைப் பார்க்கலாம்" என்று டாக் பவனுக்கு அழைத்துப் போனார்.

அங்கே 'சிந்து டாக்' தபால்தலையைப் பார்த்தேன். 1852-ல் சிந்து மாகாணத்தில் வெளியிட்டது. ஆசியாவின் முதல் தபால்தலை. வட்டமாக, நம் ஊர் அப்பளப் பூ மாதிரி இருக்கிறது. விலை அரை அணா. முதலில் சிவப்பு அரக்கில் செய்தார்களாம். அது பொடிப்பொடியாக நொறுங்கவே, வெள்ளைத் தாளிலும் நீலத்திலும் செய்தார்கள். 1854-ல் அதை நிறுத்திவிட்டார்கள். அப்படி நொறுங்கிப் போனதால்தான் மிச்சமிருக்கும் சிவப்புத் தலைகளுக்கு இத்தனை கிராக்கி.

"அப்போ பழசுன்னாலே விலை ஜாஸ்திதானே மாமா?" என்றேன்.

"அதுதான் இல்லேம்மா. இங்கிலாந்தில் 1840-ல் வந்த பென்னி பிளாக்தான் உலகத்தின் முதல் தபால்தலை. ஆறரைக் கோடிக்கும் மேலே அச்சடிச்சாங்க. இன்னமும் ஏராளமா இருக்கு. பிரிட்டிஷ் கயானாவில் 1856-ல் வந்த ஒரு சென்ட் தலை, ஒண்ணே ஒண்ணுதான் உலகத்தில் இருக்கு. 2021-ல் நியூயார்க் ஏலத்தில் 83 லட்சம் டாலருக்குப் போச்சு. எத்தனை மிச்சம் இருக்கு, எந்த நிலைமையில் இருக்கு, எத்தனை பேர் அதுக்கு ஆசைப்படறாங்க? இந்த மூணையும்தான் பார்க்கணும். வயசைப் பார்க்கக் கூடாது" என்றார்.

காந்தி தபால்தலைகளைக் காட்டி அதையே இன்னும் தெளிவாக்கினார். 1948 ஆகஸ்ட் 15-ல் ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய் என்று நான்கு வெளியிட்டார்கள். நான்கும் ஸ்விட்சர்லாந்தில் அச்சானவை. கடிதத்தில் ஒட்டி முத்திரை விழுந்த ஒன்றரை அணாவை விற்றால் ஒரு வாரக் காய்கறிக்குக்கூடத் தேறாது. ஆனால் அரசாங்க உபயோகத்துக்காக 'சர்வீஸ்' என்று மேலே அச்சிட்ட பத்து ரூபாய்த் தலையில் நான்கு சேர்ந்த ஒரு துண்டு, 2017-ல் லண்டனில் ஐந்து லட்சம் பவுனுக்கு விலை போனதாம். அதே காந்தி, அதே வருஷம். பாருங்களேன் இந்த வித்தியாசத்தை!

திரும்பும் வழியில் மாமா இன்னொரு விஷயம் சொன்னார். 1931-ல் புது தில்லித் திறப்பு விழாவுக்காக ஆறு படத் தபால்தலைகள் வெளியிட்டார்கள். புராணா கிலா, இந்தியா கேட், வட்ட வடிவப் பழைய பாராளுமன்றம், இன்றைய ராஷ்டிரபதி பவன், செக்ரடேரியட் எல்லாம் அவற்றில் உண்டு. ஆட்டோவில் போகப் போக ஒவ்வொன்றாகக் கைகாட்டினார். ஊரே ஒரு ஆல்பமாகத் தெரிந்தது எனக்கு.

அன்று இரவு தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் டிரங்குப் பெட்டி திறந்தது. முதல் ஆல்பம் முழுக்கப் பளபளவென்று பெரிய பெரிய ஸ்டாம்புகள். அஜ்மான், ஃபுஜைரா என்று பெயர்கள். அண்ணன்கள் பொக்கிஷம் என்று நம்பியது இதைத்தான். மாமா ஒன்றைத் திருப்பிக் காட்டினார். முன்னால் முத்திரை, பின்னால் பசை அப்படியே! "கடிதத்தில் ஒட்டவே இல்லை பார். சேர்க்கிறவங்களுக்கு விற்கறதுக்காகவே மூட்டை மூட்டையா அச்சடிச்சு முத்திரை குத்தினது. பிள்ளைங்க விளையாடலாம்" என்றார். மற்ற இரண்டு ஆல்பங்களில் பல், ஓரம் கிழிந்தவை, செலோடேப் ஒட்டி மஞ்சளானவை போக, கொஞ்சம் தேறியது.

பிறகுதான் உறைகள். எங்கள் தாத்தா ரங்கூனில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். பர்மா 1937-ல் இந்தியாவை விட்டுப் பிரிந்தபோது, இந்தியத் தபால்தலைகளின் மேலேயே 'பர்மா' என்று அச்சிட்டு உபயோகித்தார்கள். அந்தத் தலையும், தெளிவான ரங்கூன் முத்திரையும், எங்கள் ஊர் முத்திரையுமாகப் பதினோரு உறைகள்! "வெட்டியிருந்தா சாதாரண ஸ்டாம்பு. உறையோடு இருக்கறதால்தான் மதிப்பு" என்றார் மாமா. எல்லாம் சேர்த்து ஒரு வருஷப் படிப்புச் செலவில் பாதிகூட வராது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

போனில் சொன்னேன். சின்ன அண்ணன் பெருமூச்சு விட்டார். பெரிய அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அந்த உறைக்குள்ளே கடிதாசி இருக்கா? தாத்தா என்ன எழுதியிருக்கார்?" என்று கேட்டார். இருந்தது, பாட்டிக்கு எழுதியது. படித்துக் காட்டினேன். ஆல்பங்களை விற்றுப் பணத்தைச் சின்ன அண்ணனிடமே கொடுப்பது, உறைகளை விற்பதில்லை என்று முடிவாயிற்று. மீதிக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தான் ஏற்பதாகப் பெரிய அண்ணனே சொன்னார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். மாமா சொன்ன யோசனைகள் இவை: பழைய உறையிலிருந்து தபால்தலையை வெட்டாதீர்கள், தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். விரலால் தொடாமல் சின்ன இடுக்கியால் எடுங்கள். செலோடேப்பும் கோந்தும் கிட்டவே வரக்கூடாது. ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். கேட்லாக் புத்தகத்தில் போட்டிருப்பது குறையில்லாத தலைக்கு வியாபாரி விற்கும் விலை. நாம் விற்றால் அதில் ஒரு பகுதிதான் கைக்கு வரும். ஒருவரிடம் மட்டும் விலை கேட்டுக் கொடுத்துவிடாமல் இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள்.

பிள்ளைகளுக்கும் இதைப் பழக்கலாம். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும், தபால்தலை சேர்க்கும் மாணவர்களுக்காகத் தபால் துறை 2017-ல் ஸ்பர்ஷ் என்ற உதவித்தொகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தேர்வாகும் பிள்ளைக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். உங்கள் ஊர்த் தலைமைத் தபால் நிலையத்தில் விசாரியுங்கள். டாக் பவனுக்குப் போகிறவர்கள் விடுமுறை நாட்களை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். ஒரு பூதக்கண்ணாடியும் கையோடு இருக்கட்டும்!