தூண்டில் முள்ளை முழுங்கிய கருப்பன்

எங்கள் வீட்டு நாய் பெயர் கருப்பன். ராத்திரி ஆட்டுப்பட்டிக்கு அவன்தான் காவல். 2024 ஐப்பசியில் ஏரி நிறைஞ்சப்போ யாரோ கோழிக்குடல் மாட்டின தூண்டிலைக் கரையிலேயே போட்டுட்டுப் போயிருக்காங்க. வாசனைக்குக் கருப்பன் முள்ளோட சேர்த்து முழுங்கிட்டான். வீட்டுக்கு வரும்போது வாய் ஓரத்தில் ஒரு சாண் நைலான் நரம்பு தொங்குது. எச்சில் வடியுது.

தெருவே கூடிடுச்சு. ஒருத்தர் நரம்பைப் பிடிச்சு ஒரே இழுப்பா இழுத்துடலாம்னார். அப்பாயி உப்புத் தண்ணி கரைச்சு ஊத்தச் சொன்னாங்க, வாந்தியில வந்துருமாம். அப்பா தூண்டில் போட்டுப் பழகினவர். "இழுத்தா மீன் வாயே கிழியுதே, வயித்துக்குள்ள கிழிஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை.

கால்நடை மருந்தகத்து டாக்டரும் அதையேதான் சொன்னார். தூண்டில் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமா ஒரு சின்ன முள் இருக்கும். இழுத்தால் அது சதையில் மாட்டிக்கும். கூரான பொருள் வாந்தியோட மேலே வந்தாலும் உணவுக்குழாயைக் கிழிக்கும். உப்பு அதிகமா உள்ளே போனா வலிப்பே வருமாம். (அப்பாயி முகத்தை நான் பார்க்கவில்லை!) நரம்பை ஒட்ட நறுக்கவும் கூடாது, நுனி உள்ளே போயிடும். குடல் அசைய அசைய நூல் ரம்பம் மாதிரி அறுக்கும். மயக்க ஊசி போடணும், சோறு தண்ணி எதுவும் கொடுக்காமல் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கன்னார்.

ஆட்டோவுக்கு அப்பா கைமாத்து வாங்கினார். "நாய்க்கு இவ்வளவா"ன்னு சிலர் சிரிச்சாங்க. அவன் வந்த பிறகு எங்க பட்டியில் ஒரு குட்டி கூடத் திருட்டுப் போகலை. அது அவங்களுக்கு எங்கே தெரியும்.

எக்ஸ்ரேயில் முள் இரைப்பையில் வெள்ளையா பளிச்சுன்னு தெரிஞ்சுது. நரம்பு தெரியவே இல்லை! இரும்பு எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும், நைலான் விட்டுடும். அதனால பாலித்தீன் கவர், துணி எல்லாம் முழுங்கினா எக்ஸ்ரேயில் தப்பிச்சிடலாம். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பிடாம சுருண்டு படுக்கிறது, வயித்தைத் தொட்டா முனகுறது, முக்கியும் வெளிக்கு வராதது, இதையெல்லாம் வச்சுத்தான் சந்தேகப்படணுமாம்.

வயித்தைக் கீறி எடுத்தாங்க. அவன் தையலை நக்காமல் இருக்க, பழைய வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டினோம். அதோட அவன் குரைச்சதைப் பார்த்து ஆடெல்லாம் மிரண்டு ஓடுச்சு. டாக்டர் அந்த முள்ளைப் பஞ்சில் சுத்திக் கொடுத்தார். அறிவியல் டீச்சர்கிட்ட கொடுத்திருக்கேன். ஆய்வகத்தில் கண்ணாடிக் குப்பியில் இருக்கு, லென்ஸ் வச்சுப் பார்த்தா அந்தச் சின்ன முள் நல்லாத் தெரியும்.