கம்பியில்லாச் செவிக்கருவி

விடுமுறைக்கு மாரமங்கலம் சென்றிருந்தபோது, தமையனார் ஈந்த கம்பியில்லாச் செவிக்கருவி இணையைக் காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையிற் பரிசோதித்தேன். விடுதியறையில் இனிது ஒலித்த அது, திறந்த மலைச்சரிவில், கைப்பேசி இடுப்புப்பையில் இருக்குங்கால் அடிக்கடி தடைப்பட்டது. புளூடூத் அலை 2.4 கிகாஹெர்ட்சில் இயங்குவது. நீர் மிகுந்த நம் உடல் அதனை விழுங்கிவிடும். அறையிலோ சுவர்கள் அலையைத் திருப்பிச் செவிக்குச் சேர்க்கின்றன, சரிவில் அவ்வுதவியில்லை. கைப்பேசியை மார்புப்பைக்கு மாற்றவே, தடை பெரும்பாலும் நீங்கியது.

ஆயினும், சிலிக்கோன் முனை செவித்துளையை நன்கு அடைத்தலால், சருகு மிதிபடும் ஓசையும் கேளாதொழிந்தது. காட்டெருமைகள் உலவும் சேர்வராயன் மலையில் இது சிறு குறையன்று! இசைக்கு நன்று, வழிநடைக்கு ஆகாது என்பதே என் துணிபு. பாட்டியாரோ, “கூப்பிட்டால் ஏனென்று கேளாதவனுக்கு இது வேறா?” என்றார். இப்பொழுது வெளியிற் செல்லுங்கால் ஒன்றை மட்டுமே அணிகின்றேன். மற்றது பேழையிற் கிடக்கின்றது.